வாட்டைப் பார்க்குமுன் ஓமைப் பாருங்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

புரட்டாசிச் சனிக்கிழமை என்றாலே ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த நம் திருவண்ணாமலைதான் நினைவுக்கு வரும். ‘தென் திருப்பதி’ எனப் போற்றப்படும் அம்மலைமேல் கோயில் கொண்டுள்ள சீனிவாசப் பெருமாளைத் தரிசிக்க, இராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் வேன் வேனாக வருவர். அவ்வேன்கள் பலவற்றில் ‘சப்-ஊஃபர்’ என்னும் பெரிய ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளைத் தருவது இதன் வேலை. இதற்கு மின்திறன் அளிப்பது ஆம்ப்ளிஃபையர். இரண்டும் பொருந்தாவிட்டால் கைக்காசு கரியாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அண்ணன் வாடகை வேன் ஓட்டுகிறார். அவர் வாங்கி மாட்டிய ஆம்ப்ளிஃபையர் இரண்டாம் சனிக்கிழமையே புகைந்துவிட்டது. விற்ற கடையிலோ, “ஆயிரம் வாட் செட்டு அண்ணாச்சி, அது எப்படிப் போகும்?” என்று கையை விரித்துவிட்டனர். மூன்று நாள் வாடகைப் பணம் போயிற்று. காரணத்தைச் சொன்னது, நாம் அனைவரும் படித்த ஓம் விதியே.

ஓர் ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தருவதாகக் கொள்வோம். 4 ஓம் ஒலிபெருக்கியில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். திறன் 100 வாட். இன்னொரு 4 ஓம் ஒலிபெருக்கியைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்தடை 2 ஓம் ஆகும். மின்னோட்டம் 10 ஆம்பியராகவும் திறன் 200 வாட்டாகவும் உயரும். 4 ஓமுக்குக் குறையக் கூடாதெனக் குறிக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் இச்சுமையைத் தாங்காது; சூடேறிக் கருகும். அண்ணன் வேனில் நடந்தது இதுவே. அவ்விரண்டையும் தொடரிணைப்பில் மாட்டினால் 8 ஓம். திறன் 50 வாட்டாகக் குறையும், ஆனால் ஆபத்தில்லை. இரட்டைச் சுருள் கொண்ட சப்-ஊஃபருக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது வாட். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் காணும் ‘பி.எம்.பி.ஓ.’ எண் வெறும் விளம்பரமே. தொடர்ந்து தாங்கக்கூடிய ‘ஆர்.எம்.எஸ்.’ வாட்டைத்தான் பார்க்க வேண்டும். இரு கருவிகளிலும் அவ்வெண் ஏறத்தாழச் சமமாக இருத்தல் நலம். அளவுக்கு மீறித் திருகினால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுச் சதுர வடிவை நெருங்கும். அப்போது 100 வாட் ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் 200 வாட் வரை பாய்ந்து சுருளைச் சுட்டுவிடலாம். ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.

மூன்றாவது பேட்டரி. 200 வாட் ஒலிக்கு, பாதித் திறனே பயன்தரும் ‘ஏபி’ வகை ஆம்ப்ளிஃபையர் 400 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 33 ஆம்பியர்! நூற்றுக்கு எண்பது பயன்தரும் ‘டி’ வகைக்கோ 21 ஆம்பியர் போதும். மெல்லிய ஒயரில் இவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தால் ஒயர் உருகித் தீப்பற்றக்கூடும். தடித்த செம்பு ஒயரும், பேட்டரிக்கு மிக அருகில் தக்க ஃபியூசும் கட்டாயம் வேண்டும். வேனுக்குள் குழந்தைகளும் முதியோரும் இருக்கிறார்கள் அல்லவா?

வாட்டை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகிவிடும் என்பதும் தவறு. கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே பெரிய எண்ணைத் தேடிப் பணத்தைக் கொட்டுவதில் பொருளில்லை.

முதலில் ஓம், பிறகு ஆர்.எம்.எஸ். வாட், அதன்பின் ஒயரும் ஃபியூசும்: இந்த வரிசையில் கேட்டு வாங்குங்கள். தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெறும் ஓம் விதி, தெருவில் ஓர் ஏழை ஓட்டுநரின் ஒரு வாரச் சம்பாத்தியத்தைக் காக்கும். படித்த நாம்தான் அதைப் படியாத நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.