மருந்து உண்டபின் வண்டி ஓட்டலாமா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முதியோர் வாக்கு. ஆனால், அளவோடு உண்ட மருந்தும் வண்டி ஓட்டும்போது ஆபத்தாகலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புவோர் பலர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் சளிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குச் சென்றார். திரும்பும் வழியில் கண் சொக்கி, சாலையின் நடுத்திட்டில் மோதி விழுந்தார். இறையருளால் சிராய்ப்போடு தப்பினார். "நான் குடிக்கவில்லையே அம்மா!" என்று அவர் வருந்திக் கூறியதே இக்கட்டுரை எழுத என்னைத் தூண்டியது.

சட்டம் குடியை மட்டும் குற்றமாகக் கருதவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இரண்டு குற்றங்களைக் கூறுகிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் ஓட்டுவது ஒன்று. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதை தரும் மருந்தின் வயப்பட்டு ஓட்டுவது மற்றொன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கூறப்பட்ட பொருள்களும் இதில் அடங்கும். கஞ்சா மட்டுமன்று, பதற்றத்திற்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவர்களே எழுதித்தரும் டயஸிபாம், அல்பிரசோலம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மருத்துவர் சீட்டு இருந்தால் குற்றமில்லை என்று அப்பிரிவு கூறவில்லை.

அப்படியானால் நோயாளி என்ன செய்வார்? கஞ்சாவை மருந்தாக அனுமதித்த நாடுகளிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. மதுவை ஊதச் சொல்லி அளந்துவிடலாம். கஞ்சாவின் கூறுகளோ, மயக்கம் தெளிந்து பல நாள் சென்ற பின்னும் உடலில் தங்கியிருக்கும். ஆகவே தெளிவாக உள்ள நோயாளியும் சோதனையில் அகப்படலாம். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் இரத்தத்தில் இவ்வளவுதான் இருக்கலாம் என வரம்பு விதித்தது. மருத்துவர் சொற்படி மருந்து உண்டவர் அதைக் காட்டி வாதாடவும் இடமளித்தது. ஆயினும், நிதானமின்றி ஓட்டியவரை அங்கும் மருந்துச் சீட்டு காப்பாற்றாது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எந்தப் பொருளை உண்டோம் என்பதைவிட, வண்டியை ஆளும் தெளிவு நமக்கு உண்டா என்பதே முதன்மையான கேள்வி. சாதாரணச் சளி மாத்திரைகள் பலவும் உறக்கம் தருபவை. எனவே மருந்து வாங்கும்போதே, "இதை உண்டபின் வண்டி ஓட்டலாமா?" என்று மருத்துவரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேட்க வேண்டும். உறக்கம் குறைவாகத் தரும் மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு. மருந்தைத் தாமாக நிறுத்துதல் தவறு. அன்று வண்டியை நிறுத்துவதே சரி. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் மின்சார ரயில் இருக்கிறதே!

பத்துக் கட்டளைகளுள் ஐந்தாவது, உயிரைப் பேணும் கடமையை நமக்குக் கற்பிக்கிறது. சாலையில் எதிரே வருபவரும் ஒரு வீட்டின் தந்தை அல்லரோ? தோழியரே, இன்று மாலை உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வண்டி ஓட்டும் பெரியவர்களிடம் இந்த ஒரு கேள்வியை அன்போடு கேளுங்கள்.