குளவி கொட்டினால் நிரையை முடிக்கக் காத்திராதீர்!



குளவியிடம் கொட்டு வாங்காத தோட்டத் தொழிலாளி யார்? பால் மரம் வெட்டக் குனிந்தால் செடி மறைவில் ஒரு கூடு இருக்கும். செம்பனை மட்டையை இழுத்தால் தலைக்கு மேலே ஒன்று இருக்கும். புல் வெட்டும் மிஷின் சத்தத்துக்கே சில கூடுகள் கிளம்பிவிடும். பழகிப்போன விஷயம் என்பதால், "குளவிதானே! கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவு, நிரையை முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சிலருக்கு ஒரே கொட்டு உயிரைக் குடித்துவிடும். எது சாதாரணக் கொட்டு, எது ஆபத்தான கொட்டு என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கொட்டியவுடன் செய்ய வேண்டியது

முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். குளவியை அடித்து நசுக்காதீர்கள். அதன் விஷத்தின் வாடை மற்ற குளவிகளையும் கூப்பிடும். துண்டாலோ சட்டையாலோ தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ லாரிக்குள்ளோ புகுந்துகொள்ளுங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம். தலையைத் தூக்கும்போது மறுபடியும் கொட்டும்.

பிறகு கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றியோ, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியையோ பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையல்களை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை போதும்.

குளவி தன் கொடுக்கை விட்டுச் செல்லாது. அதே குளவி பல தடவை கொட்டும். தேனீயோ கொடுக்கை விட்டுச் செல்லும். அதை நகத்தால் சுரண்டியாவது, பிடுங்கியாவது உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சேறு எதையும் பூசாதீர்கள். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். சேற்றில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம்.

கொட்டிய இடம் மட்டும் சிவந்து வீங்கினால் பயப்பட வேண்டாம். வீக்கம் இரண்டு நாள்வரை கூடிப் பிறகு வடியும். ஆனால் வாய்க்குள்ளோ, தொண்டையிலோ, கண்ணிலோ கொட்டியிருந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் ஆபத்து: உடம்பு ஏற்காத விஷம்

சிலருடைய உடம்பு குளவி விஷத்தை ஏற்பதில்லை. இதை ஒவ்வாமை என்கிறார்கள். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகாதவருக்கும் அடுத்த தடவை இது வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள், அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெங்கும் தடிப்பும் அரிப்பும், உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை அடைத்தல், மூச்சிரைப்பு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம்: இவையே அடையாளங்கள். மூச்சு அடைத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அந்த நிமிடமே 999-ஐக் கூப்பிடுங்கள். தோட்ட வண்டியும் தயாராக இருக்கட்டும். அவருக்குத் தேவை அட்ரினலின் ஊசி, தொடையில் போடுவார்கள். வேறு எந்த மாத்திரையும் தைலமும் அதற்கு ஈடாகாது.

அதுவரை அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். கர்ப்பிணியை இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். "கொஞ்சம் நடந்தாச் சரியாயிடும்" என்று எழுப்பி நடக்கவைக்காதீர்கள். திடீரென்று எழுந்து நிற்பதே அவர் உயிரைப் பறித்துவிடலாம். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்; அதே நிலை திரும்ப வரக்கூடும்.

இரண்டாவது ஆபத்து: கூட்டமாகக் கொட்டுதல்

கறுத்த உடம்பும் வயிற்றின் முன்பகுதியில் மஞ்சள் பட்டையும் கொண்ட பெரிய குளவியை மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்கள். அதன் கூட்டம் மொத்தமாகப் பாய்ந்தால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷம் தசையையும் இரத்தத்தையும் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதில் ஏமாற்று என்னவென்றால், அன்று ஆள் நன்றாக இருப்பார். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும், அல்லது குறைந்துவிடும். ஆகவே பல கொட்டு வாங்கியவர் வலி குறைந்திருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்குச் சில கொட்டுகளே போதும். அவர்களை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கூட்டைக் கண்டால்

நெருப்பு வைக்காதீர்கள்; பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீர்கள். தீம்பாரில் கண்டால் தண்டலிடம் சொல்லி, தள்ளி அடையாளம் கட்டி, அந்த மரங்களை விட்டுவிடுங்கள். வீட்டுக் கூரையில் கண்டால் பொதுத் தற்காப்புப் படைக்கோ தீயணைப்புப் படைக்கோ தகவல் கொடுங்கள். கூடு தெரிந்த நிரையில் தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

உங்கள் உரிமை

நாம் வலியைப் பொறுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வது வீம்புக்காக அல்ல. பாதி நிரையோடு போனால் கூலி போய்விடுமே என்ற கவலையால்தான். ஆனால் வேலை செய்யும்போது குளவி கொட்டுவதும் வேலையிடத்து விபத்தே. 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி சொக்சோவில் அதற்குக் கோரிக்கை வைக்கலாம். விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. மருத்துவ விடுப்பு 4 நாளோ அதற்கு மேலோ இருந்தால் தற்காலிக ஊன உதவித்தொகை கேட்கலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

கொட்டு வாங்கிய அன்றே தண்டலிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதிய மறுத்தால் சங்கத் தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள்.

விட்டுப்போன நிரையை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, நீங்கள் இன்றைக்கு நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும்.