திண்மக் கழிவு மேலாண்மையில் பொது-தனியார் கூட்டாண்மை

திண்மக் கழிவு மேலாண்மையில் பொது-தனியார் கூட்டாண்மை என்பது, குப்பையைத் திரட்டுதல், கொண்டு செல்லுதல், பதப்படுத்துதல், இறுதியாக அகற்றுதல் ஆகிய பணிகளில் சிலவற்றையோ அனைத்தையுமோ உள்ளாட்சி அமைப்பு ஓர் ஒப்பந்தத்தின் மூலம் தனியார் நிறுவனத்திடம் குறிப்பிட்ட காலத்திற்கு ஒப்படைக்கும் முறையாகும். பணியைத் தனியார் செய்தாலும், ஊரைத் தூய்மையாக வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பிடமே இருக்கும். எந்த அளவீட்டின்படி நிறுவனத்திற்குப் பணம் வழங்கப்படுகிறது என்பதே இக்கூட்டாண்மையின் விளைவுகளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம் (1992) பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகத் திண்மக் கழிவு மேலாண்மை அதில் இடம்பெற்றது. 1996 இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000 ஆம் ஆண்டில் நகராட்சித் திண்மக் கழிவு விதிகள் வெளியாயின. வீடு வீடாகச் சேகரித்தல், பதப்படுத்துதல் போன்ற கடமைகள் கூடின. அதற்கேற்ற வாகனங்களும் நிதியும் பல நகராட்சிகளிடம் இல்லாமையால் தனியார் பங்கேற்பு பெருகியது.

கட்டண முறைகள்

நடைமுறையில் மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

* எடைக் கட்டணம்: எடைமேடையில் பதிவாகும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் பணம் வழங்கப்படும்.
* செயல்திறன் கட்டணம்: வீடு வீடாகச் சேகரித்தல், தெருத் தூய்மை, தரம் பிரித்தல் முதலியவற்றுக்கு வரையறுத்த இலக்குகள் எட்டப்பட்டதைப் பொறுத்துப் பணம் வழங்கப்படும்.
* பயனாளர் கட்டணம்: குப்பை தரும் வீடுகளும் கடைகளும் மாதந்தோறும் பணம் செலுத்தும்.

எடைக் கட்டணம் கணக்கிட எளிதானது. ஆனால் அதில் ஒரு முரண் உண்டு. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 2 கிலோ குப்பை சேர்வதாகவும், அதில் 1 கிலோ மக்கும் குப்பை என்றும் கொள்வோம். அவ்வீட்டார் மக்கும் குப்பையைத் தோட்டத்திலேயே உரமாக்கினால் நகருக்கு லாரிச் செலவும் கிடங்கின் இடமும் மிச்சமாகும். நிறுவனத்திற்கோ அவ்வீட்டிலிருந்து வரும் வருவாய் பாதியாகக் குறையும். மாறாக, மண்ணோ கட்டட இடிபாடோ கலந்தால் எடை கூடி வருவாயும் கூடும். எனவே இம்முறையில் குப்பையைக் குறைப்பதற்கோ பிரிப்பதற்கோ நிறுவனத்திற்கு ஊக்கம் இல்லை.

செயல்திறன் கட்டணம் இம்முரணைத் தவிர்க்கிறது. எனினும் இலக்குகள் எட்டப்பட்டனவா என்பதை நாள்தோறும் சரிபார்க்கும் ஆற்றல் நகராட்சிக்கு வேண்டும்.

சென்னை

சென்னை மாநகராட்சி இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. 2000 ஆம் ஆண்டில், அப்போதிருந்த 10 மண்டலங்களில் மூன்றின் பணி பிரான்சின் விவாண்டி குழுமத்தைச் சார்ந்த சி.இ.எஸ். ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2007 இல் அதன் ஒப்பந்தம் முடிந்ததும் நீல் மெட்டல் ஃபனால்கா நிறுவனம் நான்கு மண்டலங்களில் பணியேற்றது. 2012 இல் மூன்று மண்டலங்களின் பணி ராம்கி நிறுவனத்திற்குச் சென்றது. இதற்கிடையே 2011 இல் மாநகராட்சியின் எல்லை 174 இலிருந்து 426 சதுர கிலோமீட்டராகவும், மண்டலங்கள் 15 ஆகவும் பெருகியிருந்தன.

ஒப்பந்ததாரர்கள் மாறினாலும், திரட்டிய குப்பையின் பெரும்பகுதி பிரிக்கப்படாமல் கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளுக்கே சென்றது. 2020 இல் ஏழு மண்டலங்களில் உர்பேசர்-சுமீத் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எடைக் கட்டணம் கைவிடப்பட்டு, செயல்திறன் அளவீடுகள் புகுத்தப்பட்டன.

இலக்னோ

பதப்படுத்தலிலும் கூட்டாண்மை உண்டு. இலக்னோவில் மக்கும் குப்பையிலிருந்து உயிரிவாயு மூலம் 5 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் தனியார் ஆலை 2003 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியது. ஆனால் ஆலைக்கு ஏற்ற, பிரிக்கப்பட்ட குப்பை வந்து சேரவில்லை. அது தொடர்ந்து இயங்க இயலாமல் மூடப்பட்டது. ஒருவர் திரட்டி மற்றொருவர் பதப்படுத்தும்போது, குப்பையின் தரத்திற்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருத்தல் இன்றியமையாதது.

புனே

கூட்டாளி பெருநிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புனேயில் 1993 இல் குப்பை பொறுக்குவோர் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தனர். அதிலிருந்து தோன்றிய சுவச் என்னும் கூட்டுறவு அமைப்பு 2008 இல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. உறுப்பினர்கள் வீடு வீடாகக் குப்பை பெறுகின்றனர். பயனாளர் கட்டணமும், காகிதம், நெகிழி முதலியவற்றை விற்கும் பணமும் அவர்களது வருவாய் ஆகும். பிரித்தால் கூடுதல் வருவாய் கிடைப்பதால் பிரித்தலுக்கு இங்கு இயல்பான ஊக்கம் உள்ளது.

தொழிலாளர் நிலை

திரட்டும் பணியின் செலவில் கூலி பெரும்பங்கு வகிக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் காட்டப்படும் சிக்கனம் திறமையான வாகனப் பயன்பாட்டால் வருகிறதா, கூலிக் குறைப்பால் வருகிறதா என்பது முக்கியமான கேள்வி. சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் அளிக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் போராடினர். சுமார் 23,000 ரூபாயாக இருந்த மாத வருவாய் சுமார் 16,000 ரூபாயாகக் குறையும் என்பது அவர்களது முறையீடு. பணி நிரந்தரமும் அவர்களது கோரிக்கையாக இருந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினர்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தம் ஒன்றை மதிப்பிட விரும்புவோர் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்: பணம் எதன் அடிப்படையில் வழங்கப்படுகிறது, அளவிடுபவர் யார், பிரித்த குப்பை பிரித்தவாறே ஆலை சேர்கிறதா, முன்பிருந்த பணியாளரின் கூலியும் வைப்புநிதியும் காக்கப்படுகின்றனவா, நிறுவனம் இடையில் விலகினால் மறுநாள் குப்பையை அள்ளுவது யார்.