மெசேத்தியின் மரப்படை

விரல் உயரப் பொம்மை வீரர்களைத் தேடித் தேடி வாங்கி, மெல்லிய தூரிகையால் கேடயத்துக்கும் கச்சைக்கும் வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து நிற்க வைத்து, ரோமானியர் காலத்துப் போர்களை விளையாடிப் பார்க்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குழந்தைகள் இல்லைங்க, நரை விழுந்த பெரியவர்கள்!

இப்படி ஒரு குட்டிப் படை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவரிடம் இருந்தது. எகிப்தில் அஸ்யூத் என்ற ஊர். அங்கே ஆளுநராக இருந்த மெசேத்தியின் கல்லறையில் இரண்டு மரப்பலகைகள் கிடைத்தன. ஒன்றில் ஈட்டி பிடித்த 40 எகிப்திய வீரர்கள். மற்றொன்றில் வில்லும் அம்பும் ஏந்திய 40 நூபிய வீரர்கள். எல்லாமே மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டியவை. வரிசைக்கு நால்வராக, இடது காலை முன்வைத்து நடக்கிறார்கள்.

செய்தவருக்கு என்ன பொறுமை பாருங்கள்! ஒருவர் நெட்டை, பக்கத்தில் நிற்பவர் குட்டை. ஈட்டி வீரர்களின் கேடயங்கள் மாட்டுத்தோல் போர்த்தியது போலத் தீட்டப்பட்டவை. அந்தத் தோலில் உள்ள திட்டுகள்கூட ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஒரு மாட்டைப் போல இன்னொரு மாடு இருக்காதே!

ஆனால் மெசேத்தி இதை விளையாட வைத்துக்கொள்ளவில்லை. இறந்த பிறகும் தனக்குக் காவலாக ஒரு படை வேண்டும் என்பதற்காகத்தான் கல்லறையில் வைத்தார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கெய்ரோ போகிற வாய்ப்பு கிடைத்தால், அங்குள்ள அருங்காட்சியகத்தில் இந்த வீரர்களை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.