ஜீவனோபாயங்கள் – 9: கடற்கரையில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு

சென்ற வாரம் இராமநாதபுரம் சீமையின் உள்நாட்டில், கண்மாய்த் தண்ணீரையும் மிளகாய் மகசூலையும் நம்பி வாழும் சம்சாரிகளிடையே நடமாடும் கமிஷன் மண்டிக்காரர்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் மண்டபத்தைக் கடந்து, பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் என்று நீளும் தீவுக்குச் சென்று, அங்கே வீடுவீடாக ஏறி இறங்கி ஆயுள் காப்பு விற்கும் ஏஜெண்டுகளின் தொழிலைச் சற்று ஆராய்வோம். "வேறு உத்தியோகம் அகப்படவில்லை, எல்.ஐ.சி. ஏஜெண்டாகலாமா?" என்று கேட்கும் இளைஞர்கள் இந்த ஜில்லாவில் அநேகர். தாராளமாக ஆகலாம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் சில நாள் பயிற்சியும் ஒரு பரீட்சையும் அதற்குப் போதும். ஆனால் நுழைவது எத்தனை சுலபமோ அத்தனை சுலபமாகவே பலர் வெளியேறியும் விடுகிறார்கள். அவர்களையும், இதே தொழிலில் நிலைத்து நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கௌரவமாக வாழ்கிறவர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பாலிசி விற்ற மறுநாளிலிருந்து ஒருவன் என்ன செய்கிறான் என்பதே அவனுடைய தொழிலின் கதியை நிர்ணயிக்கிறது என்பது விளங்கும்.

இந்த வியாபாரம் நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. 1818-ல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் கம்பெனி முக்கியமாக ஐரோப்பியர்களுக்காக ஏற்பட்டது. இந்தியரின் உயிருக்குக் காப்பு அளிப்பதானால் கூடுதல் பிரீமியம் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல்தான் இந்தியருக்கும் சமமான விகிதத்தில் காப்பு அளித்தது. 1906-ல் சென்னையில் யுனைடெட் இந்தியா பிறந்தது. அதைப் பிற்காலத்தில் வளர்த்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், அன்று இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கானாடுகாத்தான்காரர். அவர் எழுப்பத் தொடங்கிய மவுண்ட் ரோடு மாளிகை, 1954-ல் அவர் விமான விபத்தில் காலமான பின்னர், 1959-ல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. இடையில் 1956 ஜனவரி 19-ல் அவசரச் சட்டம் பிறந்து, 245 ஸ்தாபனங்கள் அரசுடைமையாகி, அவ்வாண்டு செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. என்னும் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உதயமாயிற்று. ஸ்தாபனம் எத்தனை பெரிதானாலும், கடலோரக் குடிசையில் இருக்கிறவளுக்கு அதன் முகம் ஏஜெண்டின் முகம்தான். அவன் வார்த்தையே கழகத்தின் வார்த்தை.

இந்தத் தீவின் பொருளாதாரத்தை அறியாதவன் இங்கே ஏஜெண்டாக இருந்து பயனில்லை. மாதச் சம்பளக்காரனுக்கு முதல் தேதி என்று ஒன்று உண்டு. கடல் தொழிலாளிக்கோ பாடு கிடைத்த நாளே முதல் தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். வடகிழக்குப் பருவக் காற்று எழுந்தால் பல நாள் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது. இலங்கைக் கடற்படையிடம் படகு சிக்கிவிட்டால் வருஷ வருமானமே போய்விடும். இத்தகைய குடும்பத்துக்கு மாதத் தவணைப் பாலிசியை விற்கிறவன், அது காலாவதியாவதற்கான ஏற்பாட்டையும் சேர்த்தே செய்கிறான். ஏனெனில் மாதத் தவணைக்குக் கருணை நாட்கள் 15. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கோ 30.

பாம்பனில் மீன் ஏலம் முடிந்த ஒரு காலைப் பொழுதில், ஐஸ் பெட்டியின் மேல் விண்ணப்பத் தாளை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்த ஓர் ஏஜெண்டை நான் கவனித்தேன். "அண்ணே, டியூவை மே மாசத்துல வைக்க வேணாம், ஜூலையிலயும் ஜனவரியிலயும் வர்ற மாதிரி அரையாண்டா வச்சுக்குவோம். தடைக்காலம் முடிஞ்சு ரெண்டு பாடு பார்த்ததும் அக்கா கையில பணத்தைக் குடுத்துருங்க" என்றார் அவர். பிறகு நாமினி என்ற இடத்தில் தாயார் பெயரைச் சொன்ன அந்த மீனவரை நிறுத்தி, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதை நினைவூட்டி, மனைவி பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று மழுப்பாமல் 'கடலில் மீன்பிடித்தல்' என்றே எழுதினார். முந்தைய வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததையும் மறைக்கவில்லை. இந்த உண்மை எழுத்தில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. 1938-ம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, இப்போது பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியை ஆட்சேபிக்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்து, மறைத்த செய்தி வெளிப்பட்டால், விண்ணப்பத்தில் ஏஜெண்டு எழுதிய ஒரு பொய் வரி அந்தக் குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும்.

இனி இக்கரைக்கே உரிய பெருந்துயரத்துக்கு வருகிறேன். ஊருக்குள் இறப்பவனுக்கு மரணச் சான்றிதழ் உண்டு. கடலில் மறைந்தவனுக்கு உடலும் இல்லை, சான்றிதழும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியையும் அதை நோக்கிச் சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டபோது, கரை சேராமலே போன உடல்கள் எத்தனையோ. 2004 சுனாமிக்குப் பின் காணாமற் போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய அரசு விசேஷ ஏற்பாடு செய்தது. ஆனால் உலகம் கவனிக்கும் பேரழிவுக்குக் கிடைக்கும் சலுகை, ஒற்றைப் படகு திரும்பாத சாதாரண இரவுக்குக் கிடைப்பதில்லை. ஒருவனைப் பற்றிய செய்தியை இயல்பாக அறிந்திருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் அவன் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பதே சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

இந்த ஏழு ஆண்டில்தான் ஏஜெண்டின் யோக்கியதை சோதிக்கப்படுகிறது. காணாமற் போன ஒருவரின் மனைவி, பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டு, ஏழு ஆண்டு கழித்து முழுத் தொகையையும் கோரிய வழக்கில், 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டு முடிந்தபின் இறந்தான் என்று அனுமானிக்கலாமே ஒழிய, எந்தத் தேதியில் இறந்தான் என்பதற்கு அனுமானம் கிடையாது. ஆகையால், இடைக்காலத்தில் தவணை நின்றிருந்தால் பாலிசியும் நின்றதுதான். அதுவரை கட்டியதற்கு ஈடான குறைந்த தொகையே கிடைக்கும் என்பது அதன் சாரம். கணவன் திரும்புவான் என்று கரையிலே காத்திருக்கிற பெண்ணுக்கு இந்தச் சட்ட நுட்பத்தை யார் சொல்வது? உறவினர் அறியார், ஆபீசிலிருந்து ஒருவரும் தேடி வரமாட்டார். "அக்கா, கடலோரப் போலீசிலயும் மீன்வளத்துறையிலயும் இன்னைக்கே எழுதிக் குடுங்க; எப்.ஐ.ஆர். நகலைப் பத்திரமா வச்சுக்கங்க, எந்தக் கஷ்டத்துலயும் தவணையை மட்டும் விட்டுராதீக" என்று சொல்லக் கடமைப்பட்டவன் ஏஜெண்டு ஒருவனே. அதைச் சொல்லாமல் இருந்துவிட்டவன், அந்தக் குடும்பத்துக்கு விற்றது வெறும் காகிதம்.

கமிஷன் வராத காப்புகளையும் அவன் எடுத்துச் சொல்ல வேண்டும். மீனவர் விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. பாங்க் மூலம் வருஷம் 436 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ஆயுள் காப்பு, 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் விபத்துக் காப்பு. இவற்றை முதலில் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தன் பாலிசியைப் பற்றிப் பேசுகிறவனை அந்தத் தெரு என்றும் மறப்பதில்லை.

இப்படியெல்லாம் நடந்தால் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கையே காட்டுகிறேன். நீண்ட காலப் பாலிசிக்குப் பல ஆண்டுகள் வழக்கிலிருந்த விகிதம், ஊக்கத்தொகை நீங்கலாக, முதலாண்டுப் பிரீமியத்தில் நூற்றுக்கு 25, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை, அப்பால் 5. வருஷம் 10,000 ரூபாய் கட்டும் பாலிசி ஒன்று 20 ஆண்டு நடந்தால், முதலாண்டில் 2,500, அடுத்த இரண்டு ஆண்டில் 1,500, மிச்சம் 17 ஆண்டில் 8,500, ஆக 12,500. ஐந்தில் நான்கு பங்கு, விற்ற வருஷத்துக்குப் பிறகே வருகிறது. விகிதங்கள் இந்நாளில் மாறியிருந்தாலும் தத்துவம் மாறவில்லை. ஏஜெண்டு இறந்தால்கூட, விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்தப் புதுப்பிப்புக் கமிஷன் அவனுடைய வாரிசுக்குப் போகிறது. பாலிசியை உயிரோடு வைத்திருப்பவனுக்கே இத்தொழில் சோறு போடும்படி அதன் ஏற்பாடே அமைந்திருக்கிறது.

ஆகையால், "முதல் தவணையை நானே கட்டிவிடுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று விற்கும் குறுக்கு வழியை இளைஞர்கள் அறவே விலக்க வேண்டும். கமிஷனில் பங்கு கொடுப்பதை அதே இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவு குற்றமென்கிறது. அது ஒருபுறமிருக்க, தன் கைப்பணம் போடாதவன் இரண்டாம் தவணையும் கட்டுவதில்லை என்பது அனுபவ உண்மை. இந்த உத்தியோகத்தில் இறங்க விரும்புகிறவன், சொந்தக்காரர்களின் பட்டியல் எத்தனை நீளம் என்று பார்க்க வேண்டாம். 20 வருஷம் ஒரே ஊரில் இருந்து, ஒவ்வொரு டியூவுக்கும் வாசற்படி ஏறி, கிளைம் தாளை நிரப்பிக் கொடுத்து, கோர்ட்டு வரைக்கும் கூடப் போய் நிற்க எனக்குப் பொறுமை உண்டா என்று தன் நெஞ்சைக் கேட்கட்டும். உண்டென்றால் தயங்காமல் வரட்டும். இந்தக் கரைக்கு அத்தகையவர்கள் நிரம்பத் தேவை.

அடுத்த வாரம், இதே கரையில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களின் தொழிலைப் பற்றி எழுதுகிறேன்.