விளக்கேற்றும் வேளையில் கைப்பேசிக்கும் ஓய்வு

திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலில் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடுக்கக் கோரிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை விதிக்க வேண்டும். பக்தர்கள் அவற்றை ஒப்படைத்துச் செல்லப் பாதுகாப்பான ஏற்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதலே இத்தகைய தடை உண்டு. பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் ஐந்து நிமிடம் கைப்பேசியைக் கேட்டாலும் அடம்பிடிக்கும் பேரப்பிள்ளை, கோயில் வாசலில் அதை ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரம் அமைதியாகப் பிராகாரம் சுற்றி வருவதைப் பல பெரியோர் கண்டிருப்பர். அதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே விதி அனைவருக்கும் ஒன்று. கொடுத்த பொருள் திரும்பக் கிடைக்கும் என்பது உறுதி. உள்ளே கண்ணுக்கும் மனத்துக்கும் நிறைவு தரும் காட்சிகள் இருக்கின்றன. இம்மூன்றும் இல்லத்திலும் அமைந்தால் பிள்ளைகளின் பழக்கம் தானே சீராகும்.

எல்லோருக்கும் ஒரே விதி

"போனைக் கீழே வை" என்று பேரனிடம் சொல்லும் தாத்தாவின் கையில் வாட்ஸ்அப் திறந்திருந்தால், அந்தச் சொல்லுக்கு மதிப்பிராது. இரவு உணவின்போது தொலைக்காட்சித் தொடர் ஓடும் வீட்டில், பிள்ளையின் யூடியூபை மட்டும் குறை கூற இயலாது. மாலையில் விளக்கேற்றியதும் வீட்டிலுள்ள அனைவரின் கைப்பேசிகளும் ஒரு தட்டிலோ அலமாரியிலோ ஒரு மணி நேரம் ஓய்வு கொள்ளட்டும், தொலைக்காட்சியும் அணைந்திருக்கட்டும். முதலில் கொண்டுவந்து வைக்கும் கை பெரியவருடையதாக இருத்தல் நன்று.

அளவு எவ்வளவு?

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. வெளியூரில் உள்ள உறவினருடன் எப்போதாவது காணொளியில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை, பெரியவர் உடனிருக்க, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமலும், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு உறக்கம், படிப்பு, விளையாட்டு, குடும்பத்தாருடன் செலவிடும் நேரம் ஆகியவற்றைத் திரை விழுங்கிவிடக் கூடாது. உறங்கச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை அணைத்துவிட வேண்டும்.

பாட்டிமார் கவனிக்க வேண்டியது சோறூட்டும் வேளை. படத்தைக் காட்டி ஊட்டினால் கிண்ணம் விரைவில் காலியாகும். ஆனால் வயிறு நிரம்பியதைக் குழந்தை உணராது. பழகிவிட்ட பிள்ளையிடம் சட்டென்று பிடுங்குவது அழுகையில்தான் முடியும். "கண்ணா, இந்த ஒரு பாட்டு முடிந்ததும் அணைத்துவிடலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அணைப்பது பலன் தரும்.

கண்ணுக்கு வேறு விருந்து

கைப்பேசியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தை நிரப்ப வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், ஒரே தலை ஒருபுறம் காளையாகவும் மறுபுறம் யானையாகவும் தோன்றும் சிற்பம் உள்ளது. அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தூணுக்குத் தூண் ஓடும். உள்ளூர்க் கோயிலிலும் யாளிகளை எண்ணலாம். வாகனங்களின் பெயர் கேட்கலாம். வீட்டில் கோலப் புள்ளி, பல்லாங்குழி, பூத்தொடுத்தல் எனப் பெரியோர் கைவசம் இருப்பவை ஏராளம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்கவும் துணைபுரியும்.

அச்சம் நீங்கினால் பாதுகாப்பு

பள்ளிப் பாடங்களே கைப்பேசியில் வரும் இக்காலத்தில், பதின்ம வயதினரிடமிருந்து அதை முற்றிலும் விலக்க முடியாது. இணைய விளையாட்டில் நண்பராகப் பழகும் அந்நியர் படம் கேட்கலாம், ஓ.டி.பி. எண் கேட்கலாம், பின்னர் மிரட்டவும் செய்யலாம். அப்போது பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம், சொன்னால் திட்டு விழும், போன் பறிபோகும் என்ற அச்சம்.

பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதைத் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கையே அவர்களுக்குக் காப்பு. "என்ன நடந்தாலும் பாட்டியிடம் சொல், கோபிக்க மாட்டேன்" என்று முன்னரே கூறி வைப்பதும், சொன்ன நாளில் அவ்வாக்கைக் காப்பதும் பெரியோர் கடமை. மிரட்டுபவருக்குப் பணம் தரக் கூடாது. வந்த செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு உடனே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சில விரதங்களை ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், கடைப்பிடிப்பது நம் மரபு. மாலை விளக்குடன் இந்த ஒரு மணி நேர ஓய்வையும் ஒரு மண்டலம் காத்துப் பார்க்கலாம். இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரலாம். திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாளுக்கு ஒன்றாகத்தானே மார்கழியில் பிள்ளைகள் நாவில் பதிகின்றன!