பலகையும் மூச்சு விடும்!

பொம்மை ரயில் என்றால் சிறு குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். உண்மை ரயிலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யப்படும் மாதிரி ரயில்களைப் பெரியவர்களும் விரும்பி இயக்குகிறார்கள். 'எச்ஓ' எனப்படும் இவ்வகையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாணவர்கள், அறிவியல் கண்காட்சிக்காக ஒட்டுப்பலகையின்மீது இத்தகைய பாதை ஒன்றை அமைத்தார்கள். மே மாதத்தில் ரயில் அழகாகச் சுற்றி வந்தது. கண்காட்சியோ நவம்பர் மாதம், நல்ல அடைமழை. அன்று ஒரு வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் ரயில் தடம் புரண்டது! எஞ்சினைக் கழற்றிப் பார்த்தார்கள், சக்கரங்களைத் துடைத்தார்கள், தண்டவாளத்தை மாற்றினார்கள். பயனில்லை. நீண்ட எஃகு அளவுகோலைப் பலகையின்மீது குறுக்காக வைத்தபோதுதான் உண்மை விளங்கியது. பலகை வளைந்திருந்தது. "மேற்புறம் மட்டும் வண்ணம் பூசினால் போதும்" என்று அவர்களுக்குச் சொன்னவன் நான்தான்!

சிறு வளைவுக்கு இவ்வளவு கேடா என்று கேட்பீர்கள். ரயில் சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் காப்பது அதன் உள்விளிம்பு. மாதிரி ரயிலில் இவ்விளிம்பின் ஆழம் ஏறத்தாழ 0.6 மி.மீ. தான். பலகை முறுக்கிக்கொண்டு ஒரு சக்கரம் அந்த அளவு உயர்ந்தால் போதும், வண்டி இறங்கிவிடும்.

பலகை ஏன் வளைந்தது? வெப்பத்தால் என்று உடனே சொல்லத் தோன்றும். வெப்பத்தின் பங்கும் உண்டு. ஆனால் அது சிறியது. இத்தண்டவாளங்கள் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தால் ஆனவை. ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.3 மி.மீ. தான் நீளும். மரம் நார் ஓடும் திசையில் வெப்பத்தால் நீள்வது அதனினும் குறைவு. மரத்தின் பகை வெப்பமன்று, ஈரம்.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதுமாகவே இருக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ளபோது, மரத்தில் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் இருக்கும். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமானால் அது ஏறத்தாழ 15 சதவீதமாகிவிடும். இந்நீர், மரநாரிலுள்ள செல்லுலோஸ் இழைகளின் இடையே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. ஆகவே மரம் நாருக்குக் குறுக்கே நன்கு பருக்கிறது. நார் ஓடும் திசையில் மிகச் சிறிதே நீள்கிறது. ஒட்டுப்பலகையில் மெல்லிய தகடுகளை நார் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டுகிறார்கள் அல்லவா? ஒவ்வொரு தகடும் அடுத்ததைப் பருக்கவிடாமல் பிடித்துக்கொள்வதே அதன் நோக்கம்.

அப்படியானால் எங்கள் பலகை வளைந்தது ஏன்? ஒரு சோதனை செய்து பாருங்கள். தடித்த காகித அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். அட்டை வில்போல் வளையும். ஈரமான பக்கம் வெளியே புடைத்திருக்கும். இனி மறுபக்கத்தையும் அதே அளவு நனையுங்கள். வளைவு பெரிதும் குறைந்துவிடும். எங்கள் பலகையின் மேற்புறம் வண்ணத்தால் மூடியிருந்தது. அடிப்புறம் வெறுமையாக இருந்தது. மழைக்கால ஈரம் அடிப்புறத்தில் ஏறியது. அது பருத்துப் புடைத்தது. மூலைகள் மேலே எழுந்தன. ஈருலோகப் பட்டை சூட்டில் வளைவது போன்றதே இதுவும்.

காரணம் தெரிந்துவிட்டால் செய்முறை எளிது. சுமார் 12 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையை, ரயில் ஓடப்போகும் அறையிலேயே, கட்டைகளின்மீது ஒரு வாரம் கிடத்தி வையுங்கள். அறைக் காற்றின் ஈரத்தோடு அது சமநிலைக்கு வரட்டும். குழிகளுக்குப் பட்டி பார்த்து உலர விடுங்கள். உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். முதலில் 80ஆம் எண் தாள், பிறகு 120, இறுதியில் 180. எண் கூடக் கூடத் தாள் நயமாகும். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு; மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில் தேய்ப்பது நல்லது.

தூசியைத் துடைத்துவிட்டு மரத்துக்கான பிரைமரை மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். தண்ணீர் கலந்த பிரைமர் என்றால், உலர்ந்ததும் பலகை சொரசொரப்பாகத் தோன்றும். அஞ்ச வேண்டாம், தேய்த்தபோது அமுங்கிய நார்கள் நீர் பட்டு நிமிர்ந்துள்ளன, அவ்வளவே. 180ஆம் எண் தாளால் மெல்லத் தேய்த்து இரண்டாம் கை பூசுங்கள். அடிப்புறத்துக்கும் இதே இரண்டு கை வேண்டும். கீழே தாங்கு சட்டத்தை முடுக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஓரங்களுக்கோ மூன்று கை! அங்கே நார்க்குழாய்களின் வாய் திறந்திருப்பதால் ஈரம் மிக விரைவாக உள்ளே செல்லும். மின்கம்பிக்காகத் துளையிட்டால் துளையின் உட்புறத்தையும் மறவாதீர்கள். பின்னர் பாரிஸ் சாந்தால் மலை செய்யும்போதும், நீர் கலந்த பசையால் சரளைக்கல் ஒட்டும்போதும் இப்பூச்சே பலகையைக் காக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அது நுழைவதைத் தாமதப்படுத்துகிறது. நான்கு நாள் மழையைப் பலகை உணர்வதற்குள் வெயில் வந்துவிடும். நெடுநாள் ஈரம் நீடித்தாலும், எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவாக நுழைந்தால் பலகை வளையாது.

மறு ஆண்டு புதுப் பலகையில், ஆறு புறமும் பூசி, அதே பாதையை அமைத்தோம். நவம்பர் மழையிலும் ரயில் நிற்காமல் ஓடியது.